தாத்தாவோட மெடல் எதுக்கு குடுத்ததுன்னு தேடுறது எப்படி

ட்ரங்கு பெட்டியில தாத்தாவோட மெடல் கிடக்கு, ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துல பர்மா போனாரு இத்தாலி போனாருன்னு வீட்ல சொல்றாங்க, ஆனா அங்க என்ன பண்ணாருன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. நெறைய வீட்ல இதான் நெலம.

மொதல்ல ஒண்ணு, பளபளன்னு ஆக்குறேன்னு புளி போட்டு தேய்ச்சிடாதீங்க. விளிம்புலயோ பின்னாடியோ பொடி எழுத்துல சர்வீஸ் நம்பர், பேரு, ரெஜிமெண்ட் பொறிச்சிருக்கலாம், அது தேஞ்சா தேட ஒரு துப்பும் கிடைக்காது.

அப்புறம் திருப்பிப் பாருங்க. ஆறுமுனை நட்சத்திரமா இருந்தா அது பர்மா ஸ்டார், இத்தாலி ஸ்டார் மாதிரி, அந்த போர்முனைக்குப் போனவங்களுக்கு பொதுவா குடுத்தது. வட்டமா இருந்து பின்னாடி சிங்கம் ரெண்டுதல ட்ராகன மிதிச்சுட்டு நின்னா வார் மெடல், அதுவும் பொதுவானதுதான் (இங்க பாதி பேருக்கு மூஞ்சி வாடிடும், ஆனா பர்மா காட்டுல இருந்துட்டு திரும்பி வந்ததே லேசான விஷயமா என்ன). வெள்ளியில, பின்னாடி 'ஃபார் பிரேவரி இன் த ஃபீல்டு'ன்னு இருந்தா மிலிட்டரி மெடல், 'ஃபார் டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ்'னு இருந்தா ஐடிஎஸ்எம், அதாவது இந்தியன் டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் மெடல். இந்த ரெண்டும் தனி ஆளோட வீரத்துக்கு குடுத்தது, இதுல ஒண்ணுன்னா விடவே விடாதீங்க.

அடுத்து லண்டன் கெஸட், மெடல் வாங்கினவங்க பேர அறிவிக்கற பிரிட்டிஷ் அரசிதழ். ஆன்லைன்ல ஃப்ரீயா தேடலாம். பழகுறதுக்கு மொதல்ல கமல் ராம்னு போட்டுப் பாருங்க. எட்டாவது பஞ்சாப் ரெஜிமெண்ட் சிப்பாய், 1944 மே 12, இத்தாலியில காரி ஆறு, வயசு 19. எதிரியோட மெஷின் கன் போஸ்ட்டுங்களால அவரோட கம்பெனியே (படைப்பிரிவே) நகர முடியாம கிடக்குறப்ப நான் போறேன்னு தனியா கம்பிவேலிக்குள்ள ஊர்ந்து போய் முதல் போஸ்ட்ட முடிச்சு, கையோட ரெண்டாவதையும் முடிச்சு, மூணாவதுக்கு ஒரு ஹவில்தாரோட போனவரு. வீரத்துக்கான உச்ச விருதான விக்டோரியா கிராஸ்ங்கறதால கெஸட்லயே முழுக்கதையும் போட்டிருப்பாங்க. மத்த மெடலுக்கு அப்படி இல்ல, பெரும்பாலும் நம்பர், ரேங்க், பேரு, ரெஜிமெண்ட் மட்டும் ஒரு வரி, அவ்ளோதான்.

கதை வேணும்னா லண்டன் கியூவுல இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ் தளத்துல டபிள்யூஓ 373ங்கற தொகுப்ப தேடணும். மேலதிகாரி மெடலுக்கு சிபாரிசு பண்ணி டைப் அடிச்ச ஃபாரம் அதுலதான் ஸ்கேன் பண்ணி கிடக்கு. நம்ம ஆளுங்க மாட்டிக்கறது பேருலதான், முனுசாமிய எந்த கிளார்க் எப்படி எழுதினான்னு யாருக்குத் தெரியும், மூனூசாமி, முனிஸ்வாமி எல்லாம் போட்டுப் பாத்துட்டு கடைசில மெடல்ல இருக்கற சர்வீஸ் நம்பர போட்டா டக்குனு வந்து நிக்கும். அதனால நம்பர்லயே ஆரம்பிச்சிடுங்க.

ஃபாரம் கிடைச்சா கதைய மட்டும் படிச்சுட்டு மூடிடாதீங்க. எந்த மெடலுக்கு சிபாரிசுன்னு போட்ட கட்டத்தையும் பாருங்க, சிலதுல ஒண்ண அடிச்சுட்டு வேற ஒண்ண பேனாவால எழுதியிருப்பாங்க. பிரிகேட், டிவிஷன்னு பெரிய படைப்பிரிவுங்களோட தளபதிங்க வரைக்கும் மேல மேல போன கையெழுத்துங்க இருக்கும், பர்மா கேஸா இருந்தா பதினாலாவது ஆர்மி கமாண்டர் ஸ்லிம் கையெழுத்து கூட இருக்க வாய்ப்பிருக்கு.