விண்டோஸ் திணறும்போது முதலில் எங்கே பார்ப்பது?

2018-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்றை என் அக்கா மகள் போன மாதம் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் 4 ஜிபி ராமும் சுழலும் ஹார்ட் டிஸ்கும் இருந்தன. பொத்தானை அழுத்தியதிலிருந்து பிரவுசரில் ஒரு பக்கம் முழுதாகத் திறக்கும் வரை கைபேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். 6 நிமிடம் 40 விநாடி ஆயிற்று. அவள் ஏற்கெனவே இரண்டு ‘கிளீனர்’ மென்பொருள்களை இறக்கி நிறுவியிருந்தாள். இரண்டும் விண்டோஸோடு சேர்ந்தே தொடங்கி, இருந்த சுமையை மேலும் கூட்டிக்கொண்டிருந்தன. கணினியை வேகப்படுத்த நினைப்பவர்களில் பலர் செய்யும் பிழை இதுதான்: எது தடுக்கிறது என்று பார்க்காமலே எதையாவது சேர்க்கிறார்கள், அல்லது எதையாவது அணைக்கிறார்கள். கணக்கிடும் புராசஸர், நடப்பு வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ராம், கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிஸ்க் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் மற்ற இரண்டையும் காக்க வைக்கிறது. அது எது என்று தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

தெரிந்துகொள்ளத் தனியாக எந்த மென்பொருளும் வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே இதைப் பார்க்க வேண்டும். சீராக ஓடும்போது பார்த்துப் பயனில்லை. ‘டிஸ்க்’ என்ற பத்தியில் 100 சதவீதமும் புராசஸரைக் குறிக்கும் ‘சிபியு’ பத்தியில் 15, 20 சதவீதமும் காட்டினால், புராசஸர் வேலையின்றி டிஸ்கின் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டிஸ்க் திணறுவதற்கே ராம் போதாமை காரணமாக இருக்கலாம். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைத் தேர்ந்தெடுத்தால் ‘கமிட்டட்’ என்ற சொல்லின் கீழ் இரண்டு எண்கள் தெரியும். மென்பொருள்கள் கேட்டிருக்கும் மொத்த நினைவக இடத்தைக் காட்டும் முதல் எண், கணினியில் உள்ள ராமைவிட வெகுவாகக் கூடியிருந்து, ராமும் நிரம்பியிருந்தால், இடம் போதாததை டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலைக் கொண்டு விண்டோஸ் ஈடுசெய்கிறது என்று கொள்ளலாம். அக்கா மகளின் கணினியில் அந்த எண் 6.3 ஜிபி, இருந்த ராமோ 4 ஜிபி.

‘சிபியு’ பகுதியில் காட்டும் வேகத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்க, கடுமையான வேலையின்போதும் 0.8-ஐத் தாண்டவில்லை என்றால், பெரும்பாலும் புராசஸர் சூட்டினாலோ மின்சாரம் போதாமையாலோ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மின்விசிறியில் அடைந்த தூசியைச் சுத்தம் செய்வதும், கணினியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துவதும்தான் அதற்கு வழி. விண்டோஸில் எந்த அமைப்பை மாற்றினாலும் அது தீராது.

எதையும் மாற்றுவதற்கு முன்னர் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். தேடல் பெட்டியில் ‘ரெஸ்டோர் பாயின்ட்’ என்று தட்டி, சி டிரைவுக்கான பாதுகாப்பை இயக்கி, ஏதேனும் பிசகினால் பழைய அமைப்புக்குத் திரும்ப உதவும் மீட்புப் புள்ளி ஒன்றையும் உருவாக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பாதுகாப்பு பல கணினிகளில் அணைந்தே கிடக்கும்.

முதல் வேலை தொடக்கப் பட்டியலைக் குறைப்பது. டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், கணினியோடு சேர்ந்து தொடங்கும் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பாதிப்பு ‘ஹை’, ‘மீடியம்’, ‘லோ’ என்று குறிக்கப்பட்டிருக்கும். தொடக்கத்தின்போது புராசஸரின் நேரத்தில் 1 விநாடிக்கு மேலோ, டிஸ்கில் 3 எம்பிக்கு மேலோ எடுத்துக்கொள்வதை விண்டோஸ் ‘ஹை’ என்கிறது. அரட்டைச் செயலிகள், விளையாட்டு லாஞ்சர்கள், பாட்டுச் செயலிகள், பிரிண்டர் துணை மென்பொருள்கள் ஆகியவற்றைத் தயங்காமல் ‘டிஸேபிள்’ செய்யலாம். அவை அழிந்துவிடுவதில்லை, நீங்கள் அழைக்கும்போது மட்டும் திறக்கும். டச்பேட், ஒலி, விண்டோஸ் செக்யூரிட்டி ஆகியவற்றைச் சார்ந்தவற்றைத் தொட வேண்டாம். சேவைகளாகவும் திட்டமிட்ட பணிகளாகவும் ஒளிந்து தொடங்குபவை இந்தப் பட்டியலில் வருவதில்லை. அவற்றையும் காண வேண்டுமானால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்றான ஆட்டோரன்ஸைத் திறந்து, மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கும் தேர்வை இட்டு, எஞ்சியிருப்பவற்றை மட்டும் ஆராய வேண்டும்.

அடுத்து, கணினியோடு இலவசச் சோதனைக் காலத்துக்கென்று வந்து காலாவதியாகிக் கிடக்கும் ஆன்டிவைரஸை நீக்க வேண்டும். அது இருக்கும் வரை விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கும். அதை நீக்கியதும் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். வீட்டுப் பயன்பாட்டுக்கு அதுவே போதும் என்பது என் முடிவு.

இவ்வளவும் செய்த பிறகும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், அது அமைப்புகளால் தீரக்கூடிய சிக்கல் அன்று. மடிக்கணினிகளில் பெரும்பாலும் வரும் ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்ந்து, தேவையான இடம் சுற்றி வந்து அதன் கீழே சேர்வதற்குள் சராசரியாக 15 மில்லி விநாடிக்கு மேல் கழிந்துவிடும். எனவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சிறு கோப்புகளை விநாடிக்கு நூறு எண்ணிக்கைகூட அதனால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஏறக்குறைய ஒரே நேரத்தில் கேட்கிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி இத்தகைய கோரிக்கைகளை விநாடிக்குப் பல்லாயிரம் என்ற கணக்கில் முடித்துத் தரும். செலவழிக்கக் கையில் ஓரளவே பணம் இருந்தால் முதலில் அதை எஸ்எஸ்டிக்கே கொடுங்கள். ராம் அதற்கு அடுத்தபடிதான். வாங்குவதற்கு முன், உங்கள் கணினி ஏற்பது 2.5 அங்குல சாட்டா வகையா, எம்.2 வகையா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ராமைப் பொறுத்தவரை, டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியிலேயே எத்தனை இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று காணலாம். சில மடிக்கணினிகளில் ராம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், கடைக்காரரிடம் மாடல் எண்ணைக் காட்டிக் கேட்பதே பாதுகாப்பு.

உடனே எஸ்எஸ்டி வாங்க இயலாதவர்கள் சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ என்பதை இயக்கினால் தற்காலிகக் கோப்புகள் அவ்வப்போது தாமாகவே நீங்கும். ஆனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் அது காலி செய்யும்படி அமைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடிக்கடி பயன்படுபவற்றை முன்கூட்டியே ராமில் ஏற்றும் ‘சிஸ்மெயின்’ என்ற சேவை சில ஹார்ட் டிஸ்க்குகளில் தொடக்க நிமிடங்களைத் தின்றுவிடுகிறது. அதை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால் மறுபடியும் இயக்கிவிடுங்கள்.

ராமைப் பெரும்பாலும் விழுங்குவது பிரவுசரே. குரோமில் ‘மெமரி சேவர்’, எட்ஜில் ‘ஸ்லீப்பிங் டேப்ஸ்’ என்று இருப்பவற்றை இயக்கினால், நெடுநேரம் பார்க்காத பக்கங்கள் உறங்கிவிடும். மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் வசதியையும் எட்ஜை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ‘ஸ்டார்ட்அப் பூஸ்ட்’டையும் 4 ஜிபி கணினியில் அணைத்துவிடலாம்.

காட்சி அலங்காரங்களைக் குறைப்பதிலும் சிறிது பயன் உண்டு. தேடல் பெட்டியில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று தட்டி, விண்டோஸின் தோற்றத்தையும் வேகத்தையும் சரிசெய்யும் பெட்டியைத் திறந்து ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், எல்லாக் குறிகளும் நீங்கிவிடும். ஆனால் அப்படியே ‘ஓகே’ கொடுத்துவிடாதீர்கள். ‘ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்’ என்ற வரிக்கு மட்டும் குறியை மீண்டும் இடுங்கள். அது இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகளின் சுழிகள் படிக்கட்டுப் படிக்கட்டாக உடைந்து, சிறிய அளவில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நாள் முழுவதும் தமிழில் படித்து எழுதுபவரின் கண்ணுக்கு அது பெருந்துன்பம்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அதன் மையப் பகுதி டிஸ்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படுகிறது. தினமும் அணைக்கும் கணினியின் ‘அப் டைம்’ (தொடர்ந்து ஓடிய நேரம்) பல நாட்களைக் காட்டுவது இதனால்தான். வாரத்துக்கு ஒரு முறையாவது ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

செய்யக் கூடாதவற்றில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கிளீனர்களால் உணரத்தக்க வேகம் கிடைப்பதில்லை; தவறாக ஒன்றை அழித்தால் விண்டோஸே எழாமல் போகலாம். ‘ராம் பூஸ்டர்’ என்பவை ராமில் இருப்பதை வலிந்து டிஸ்குக்குத் தள்ளுகின்றன. அடுத்த நொடியே அதைத் திரும்பப் படிக்க வேண்டியிருப்பதால் கணினி மேலும் திணறும். பேஜ் ஃபைலை அணைத்தால், ராம் தீர்ந்ததும் திறந்திருக்கும் மென்பொருள்கள் சேமிக்காத வேலையோடு மூடிக்கொள்ளும். எஸ்எஸ்டியை வேறு மென்பொருள் கொண்டு டிஃபிராக் செய்வது, அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒருசேர அடுக்குவது, பயனின்றி அதில் எழுதுவதே ஆகும்; அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வேலையை விண்டோஸ் தானே செய்துகொள்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்தி வேகம் தேடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. உங்கள் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் விண்டோஸ் 11 ஏற்கும் புராசஸரும் இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையெனில் விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை முயன்று பார்க்கலாம்.

அக்கா மகளின் கணினியில் தொடக்கப் பட்டியலைக் குறைத்து, இரண்டு கிளீனர்களையும் பழைய ஆன்டிவைரஸையும் நீக்கியதும் 6 நிமிடம் 40 விநாடி என்பது 4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்தது. ஒரு சாட்டா எஸ்எஸ்டியையும் இன்னொரு 4 ஜிபி ராமையும் பொருத்திய பின் 38 விநாடி. கழற்றிய ஹார்ட் டிஸ்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு அவளிடமே கொடுத்தேன். எஸ்எஸ்டி சில வேளைகளில் எந்த முன்னறிகுறியும் காட்டாமல் நின்றுவிடும் என்பதால், மாதம் ஒரு முறை அந்த ஹார்ட் டிஸ்கில் தன் கோப்புகளை நகலெடுத்து வைக்கும்படி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.