குளித்த தண்ணீருக்கு ஒரு கல்வாழைப் பாத்தி

எங்கள் பிளாட்டில் குளிக்கிற, துணி துவைக்கிற தண்ணீர், ஜல்லி நிரப்பிய கல்வாழைப் பாத்தி வழியாகச் சுத்தமாகித் தென்னைக்குப் போகிறது என்று சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது "எந்தச் செடி வைக்கணும்?" என்றுதான். செடியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அது சுலபம். கல்வாழையைச் சாகடிக்கத் தனித் திறமை வேண்டும். இந்த வேலையில் முக்கால்வாசி குழாய். மீதி, வாரத்துக்கு ஒரு தடவை முகம் சுளிக்காமல் வலையைக் கழுவுவது.

சென்னை திருவான்மியூரில் 8 வீடு உள்ள பழைய கட்டடம் எங்களுடையது. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் நான் செயலாளர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருஷம் எங்கள் கிணறு கரித்தது. கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். மேலே இருப்பதை இறைக்க இறைக்க, கீழே இருப்பது ஏறிவரும். ஒரு பக்கம் லாரிக்காரருக்கு போன் மேல் போன். இன்னொரு பக்கம் தென்னைக்கும் செடிக்கும் அதே கிணற்றில் மோட்டார் போட்டுப் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். குளித்துத் துவைத்த தண்ணீர் தலைக்கு 60, 70 லிட்டர் சாக்கடைக்குப் போனது. 31 வருஷம் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். இந்தக் கணக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் வேலை, எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் இறங்குகிறது என்று கண்டுபிடிப்பது. பழைய கட்டடங்களில் கக்கூஸ் லைன் தனி, குளியலறை லைன் தனி. தரைக்கு வந்தபிறகுதான் சேம்பரில் சேரும். புதிய கட்டடங்கள் பலவற்றில் இரண்டும் ஒரே குழாயில் இறங்குகின்றன. உங்களுடையது அப்படியானால் சுவரை உடைக்காதீர்கள். தரைத்தளத்து வாஷிங் மெஷின் குழாயை மட்டும் வெளியே இழுக்க முடியுமா என்று பாருங்கள், அதுவே நிறைய.

வரைபடம் இருந்தாலும் நம்ப வேண்டாம். ஒரு பக்கெட் தண்ணீரில் தாராளமாகச் சொட்டு நீலம் கலந்து ஒவ்வொரு குளியலறையிலும் ஊற்றச் சொல்லுங்கள். நான் சேம்பர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து நின்றேன். மேலேயிருந்து மாமி "ஊத்திட்டேன், வந்துதா?" என்று கத்த, கீழே நீலம் ஒழுங்காகக் குளியலறைக் குழாயில் வந்தது. மூன்றாம் நம்பர் வீட்டு நீலம் மட்டும் கக்கூஸ் குழாயில் வந்தது! டைல்ஸ் மாற்றியபோது யாரோ கிட்டத்தில் இருந்த குழாயில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரருக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். அதற்கு எதிர்மாறாக, கக்கூஸ் தண்ணீர் குளியலறைக் குழாயில் கலக்கிறதா என்பதுதான் முக்கியமான சோதனை. அதற்கு மஞ்சள் தூள் போட்டு ஃப்ளஷ் செய்யுங்கள்.

எல்லா வீட்டையும் ஒரே நாளில் சேர்க்க ஆசைப்படாதீர்கள். நாங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு வீடுகளோடு ஆரம்பித்தோம். 7 பேர், நாளைக்கு ஏறக்குறைய 500 லிட்டர்.

எந்தத் தண்ணீர் வேண்டாம் என்பதை எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். சமையலறைத் தொட்டித் தண்ணீர் வேண்டாம். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் ஜல்லியை அடைத்து நாறும். குழந்தையின் துணி அலசிய தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கிற தண்ணீர் வேண்டவே வேண்டாம். "அது சுத்தமான தண்ணிதானே" என்று ஒருவர் அதைத் திருப்பிவிட, ஒரே மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகியது. அதில் இருப்பது உப்பு, செடியும் பாக்டீரியாவும் உப்பை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது தொட்டி. இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம், செங்கல் கட்டி உள்பக்கம் பூச்சு. குளியலறைக் குழாய் முதலில் இதில் விழ வேண்டும். விழுகிற இடத்தில் வெங்காய மூட்டை வலையை இரண்டாக மடித்துக் கம்பிக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். முடி, சோப்புக் கட்டி, பனியன் பஞ்சு எல்லாம் இங்கே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்து உதறி வெயிலில் போட்டுவிட்டு, மாற்று வலையை மாட்ட வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லை என்றால் பாத்தியே கட்டாதீர்கள். பலர் வீட்டுப் பாத்திகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். நாறுகிற எல்லாவற்றிலும் நாறியது இந்தத் தொட்டிதான், பாத்தி இல்லை.

தொட்டியிலிருந்து இரண்டு வாய். கீழே இருப்பது பாத்திக்கு. அதைவிட நாலு இஞ்ச் உயரத்தில் இருப்பது பழைய சாக்கடைக்கு. பாத்தி அடைத்துக்கொண்டால் தண்ணீர் தானாக உயர்ந்து சாக்கடைக்குப் போய்விடும், முற்றத்தில் வழியாது. ஆசிட் ஊற்றிக் குளியலறை கழுவும் நாளிலும், வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றாலும், கனமழையிலும் கீழ்வாய்க்கு ஒரு மூடி போட்டால் போதும். 'நாலு இஞ்ச் குழாய்க்கு வால்வு போடலாம்மா' என்று பிளம்பர் சொன்னார். விலையைக் கேட்டுவிட்டு மூடியே போதும் என்றேன். அவர் முதல் நாளிலிருந்தே சந்தேகத்தில்தான் இருந்தார். "சாக்கடைக்குப் போற தண்ணிய எதுக்கும்மா சுத்தி வளைச்சு திருப்பி வூட்டுக்கே கொண்டாறீங்க?" என்றார். இப்போது வேறு இடங்களில் அவரே போட்டுக் கொடுக்கிறார்.

சாக்கடை வாயில் நாற்றம் ஏறாமல் ஒரு ட்ராப் வைத்தோம். திரும்பி வராமல் தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு வைக்க மறந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருச் சாக்கடை நிரம்பி, பின்னோக்கி எங்கள் தொட்டிக்குள் ஏறி, பாத்தி முழுக்கப் பரவியது. கீழ்வாய்க்கு மூடி போட வேண்டியவள் நான்தான். மாடியில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தேன். பாத்தி தெளிய மூன்று வாரம் ஆயிற்று. இந்த நான்-ரிட்டர்ன் வால்வில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பாத்தியின் அளவு இப்படி. தண்ணீர் உள்ளே இரண்டு நாளாவது தங்க வேண்டும். ஜல்லி நிரப்பிய குழியில் பத்தில் நாலு பங்குதான் தண்ணீருக்கு இடம். 16 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் 96 கன அடி, அதாவது 2,700 லிட்டர் குழி. அதில் தண்ணீர் நிற்பது 1,000 லிட்டர் சொச்சம். எங்கள் 500 லிட்டருக்குச் சரியாக இரண்டு நாள். நாலு பேர் குடும்பத்துக்கு 10 அடி நீளம் போதும். நீளமாகவும் குறுகலாகவும் இருக்கட்டும். சதுரமாகத் தோண்டினால் தண்ணீர் குறுக்கு வழியில் ஓடிவிடும்.

இங்கேதான் நாங்கள் பெரிய தப்பு செய்தோம். மணல்பூமிதானே, அடியில் எதற்கு ஷீட் என்று வெறும் குழியில் ஜல்லியைக் கொட்டினோம். முதல் நாலடிக்குள்ளேயே எல்லாத் தண்ணீரும் மணலுக்குள் இறங்கிவிட்டது, சுத்தமாகாமலேயே. அந்த நாலடியில் செடி ஆளுயரம். கடைசிப் பக்கம் வாடிச் செத்தது. இருந்த ஜல்லி மொத்தத்தையும் அள்ளி வெளியே போட்டு, கனமான தார்ப்பாயை இரட்டையாக விரித்து, திரும்பக் கொட்ட வேண்டியதாயிற்று. தார்ப்பாயின் அடியில் இரண்டு இஞ்ச் சலித்த மணல் பரப்புங்கள், கல் குத்திக் கிழிக்காமல் இருக்கும். உள்ளே வரும் பக்கத்தைவிட வெளியேறும் பக்கம் இரண்டு இஞ்ச் தாழ்வாக இருக்கட்டும்.

ஜல்லி: தண்ணீர் நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும் ஓரடிக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி, நடுவில் முக்கால் ஜல்லி. கழுவாமல் போடாதீர்கள். கிரஷர் தூள் அடியில் சேறாகப் படிந்துவிடும். பாதி செலவு ஜல்லிக்கு, பாதி உடல்வலி அதைக் கழுவுவதற்கு. வெளியேறும் குழாயில் ஒரு எல்போ (வளைவுத் துண்டு) போட்டு, திருகி உயர்த்தித் தாழ்த்தும்படி வையுங்கள். அதன் உயரம்தான் உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும். எப்போதும் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு மூன்று இஞ்சாவது கீழே நிற்க வேண்டும். மேலே தண்ணீர் தெரிந்தால் கொசு. மாநகராட்சி மலேரியா ஒர்க்கர் வந்து, 'என்னம்மா இது, தொட்டி கட்டி வெச்சிருக்கீங்க' என்று குச்சியை விட்டுக் கிளறிப் பார்த்தார். மேலே காய்ந்த கல். தொட்டி மூடியைத் திறக்கச் சொன்னார்; அதன் இடுக்கில் கொசுவலை ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த மூடி இடுக்கை நீங்களும் அடையுங்கள்.

இனி செடி. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓர நர்சரிகளில் கல்வாழை கிடைக்கும். தெரிந்தவர் வீட்டில் இருந்தால் கிழங்கையே வெட்டிக்கொண்டு வாருங்கள். ஓரடிக்கு ஒன்று, வேர் தண்ணீரைத் தொடும் ஆழத்தில், ஜல்லியைத் தள்ளிவிட்டு நடுங்கள். மண் போடக் கூடாது. முதல் மூன்று வாரம் எல்போவை உயர்த்தித் தண்ணீரை அந்த மூன்று இஞ்ச் மட்டம் வரை வைத்து, வேர் பிடித்ததும் தாழ்த்துங்கள். நடுவில் நாலு வெட்டிவேரும் சேம்பும் வைத்தோம். சேம்பு இலை பார்க்க அழகு, ஆனால் அந்தக் கிழங்கைச் சமைக்காதீர்கள்.

சுத்தம் செய்வது செடி இல்லை, கல்லில் வழுவழுப்பாக ஒட்டும் பாக்டீரியா. ஜல்லியை எடுத்துத் தடவினால் தெரியும். செடி வேர் வழியாகக் கொஞ்சம் காற்றைக் கீழே கொண்டுபோகிறது, சோப்பிலும் அழுக்கிலும் வரும் சத்தில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டி வெளியே எடுக்க வேண்டும். அங்கேயே அழுகவிட்டால், உறிஞ்சிய சத்து திரும்பத் தண்ணீருக்கே போகும். வெட்டியதைத் தென்னை மூட்டில் மூடாக்காகப் போடுகிறோம்.

ஆரம்பித்து ஆறு வாரம் வரை வெளியே வரும் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து மூடி, மூன்று நாள் ஜன்னலில் வையுங்கள். திறந்தால் முட்டை நாற்றம் அடிக்கக் கூடாது. அடித்தால் பாத்தி சின்னது, அல்லது வலை கழுவப்படவில்லை. நாறாவிட்டாலும் அது குடிக்கிற தண்ணீர் ஆகிவிடாது. கிணற்றுக்குள் விடலாம் என்று எங்கள் கமிட்டியில் இரண்டு பேர் பிடிவாதம் பிடித்தார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, மனையின் அந்த மூலையில் இருக்கும் இரண்டு தென்னைக்கும் வாழைக்கும் விடுகிறோம். மணல் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. தோட்டத்துக்கென்று கிணற்று மோட்டார் போடுவது நின்றுவிட்டது; எங்களுக்கு லாபம் அதுதான். மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் களிமண் உள்ளவர்களுக்குத் தண்ணீர் இவ்வளவு வேகமாக இறங்காது. கடைசியில் வாழையை நிறைய வையுங்கள், மழைக்காலத்தில் சாக்கடைக்கே விட்டுவிடுங்கள்.

கிணற்றுக்குப் போக வேண்டியது மொட்டைமாடி மழைத் தண்ணீர். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். 2003 மழைநீர் சேகரிப்புச் சட்டத்துக்காக அவசரமாகப் போட்ட குழாய் எங்களிடமும் இருந்தது. தோண்டிப் பார்த்தால், செங்கல் துண்டும் சிமென்ட் பையும் அடைத்த குழியில் முடிந்தது. அதைச் சுத்தம் செய்து, மணல் வடிகட்டி வைத்துக் கிணற்றுக்குத் திருப்பினோம். ஐப்பசிக்கு முன்னால் மாடியைப் பெருக்கிவிட்டு, முதல் மழையை வெளியே விட்டால் போதும். கடற்கரைப் பக்கத்தில் இந்த மழைநீரைப் பற்றி வீடு வீடாகப் போய்ப் பேசியவர் மழை இல்லம் என்ற அமைப்பின் சேகர் ராகவன். அவர் பேச்சைப் பலரும் கேட்டோம், செய்யத்தான் 2019 வர வேண்டியிருந்தது.

மொத்தம் 27,000 ரூபாய் ஆயிற்று, இரண்டாம் தடவை ஜல்லி அள்ளிய கூலியையும் சேர்த்து. வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போனால், கோடையில் யாரையாவது நாளுக்கு நாலு பக்கெட் ஊற்றச் சொல்லிவிட்டுப் போங்கள். செடி தாங்கும், கல்லில் இருக்கிற பாக்டீரியா காய்ந்துபோகும். ஆடி மாதம் பாத்தி நெருக்கமாகிவிடும், மூன்றில் ஒரு பங்கு கிழங்கைப் பிடுங்கியாக வேண்டும். எங்கள் தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன். வாளி கொண்டுவாருங்கள், கேரிபேக்கில் போட்டால் மாடிப்படி முழுக்கச் சொட்டுகிறது என்று மாமி கோபித்துக்கொள்கிறார்.