எந்தப் பிரிவில் காரை நிறுத்துவது?

வாளையாறு தாண்டி கோவைக்கோ, அந்தப் பக்கம் கொச்சிக்கோ கண்காட்சிக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுபோகும் பாலக்காட்டுக்காரர்கள் கவனிக்க: பளபளப்பை வைத்துப் போட்டிப் பிரிவைத் தேர்வு செய்யாதீர்கள். முதலில், நடுவர்கள் எதற்கு எத்தனை மதிப்பெண் தருவார்கள் என்று சொல்லும் மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக்கொள்வோம். 1967 வரை வந்தவற்றில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்த அமைப்பு), மின்சாரம் தரும் டைனமோ, இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். இதில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரும், எஸ்யூவுக்குப் பதில் வெபர் கார்புரேட்டரும் மாட்டியிருந்தால் ஓட்ட சுகம்தான்; ஆனால் 'ஒரிஜினல்' பிரிவில் மதிப்பெண் போகும். பழைய பாகங்களைத் திரும்ப மாட்ட முடியாதென்றால் 'மாடிஃபைடு' பிரிவே மேல். முழுக்கப் பெயின்ட் அடித்த காரைப் புதுப்பிக்காத கார்களுக்கான பிரிவில் சேர்ப்பது வீண் வேலை.

எம்ஜிபியின் எஞ்சின் அறை பாடி நிறத்தில்தான் இருக்க வேண்டும், கறுப்பு அடித்துவிடுகிறார்கள். புதுவகை ஹோஸ் கிளிப், பிளாஸ்டிக் டை எல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும், நடுவர் கண் முதலில் அங்கேதான் போகும். நிறம் குறித்துத் தகராறு வந்தால், இங்கிலாந்தின் கேய்டன் அருங்காட்சியகம் தரும் ஹெரிடேஜ் சான்றிதழ் பேசும். தயாரித்த தேதி, முதல் நிறம், எஞ்சின் எண் அதில் இருக்கும். நகலைக் காரின் முன் கண்ணாடியில் வையுங்கள்.

அடிப்பகுதியையும் பார்க்கும் பிரிவென்றால், தென்மேற்குப் பருவமழையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஓட்டிப்போகாமல் லாரியில் ஏற்றுங்கள். வீல் ஆர்ச்சுக்குள் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) ஒட்டிய சேற்றை மைதானத்தில் கழுவ நேரம் கிடைக்காது.