சபை விழாவுக்கு பழைய மிஷன் கூண்டு வண்டி கட்டுறது எப்படி

நூற்றாண்டு விழா, அசன பண்டிகைன்னு (சபையார் கூடிச் சாப்பிடுற விருந்துத் திருநாள்) வந்தா ஊர்வலத்துக்கு பழைய காலத்து மிஷன் மாட்டு வண்டி வேணும்னு கேக்குறாங்க, ஆனா பூவும் சீரியல் லைட்டும் கட்டுறதுலயே கவனம் போயிடுது, மாட்டைப் பத்தி யாரும் யோசிக்கிறதில்ல. 1895ல இந்தியாவுக்கு வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவும் கூட இருந்த பெண்களும் திருநெல்வேலிச் சீமையில ஊர் ஊரா போனது இப்படி வண்டியிலதான். மணிக்கு மூணு நாலு கிலோமீட்டர்தான் நகரும், வெயில் தாங்காதுன்னு ராத்திரியில கிளம்புறதும் உண்டு.

முதல்ல சக்கரம். ரொம்ப நாள் சும்மா கிடந்த வண்டின்னா மரம் காஞ்சு சுருங்கி இரும்புப் பட்டை லூஸாயிருக்கும், தண்ணி ஊத்தி ஊற விடுங்க. அச்சுக்கு வண்டி மை போடுங்க, வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைச்சாலே போதும். சக்கரம் கழண்டு வராம தடுக்குற கடையாணியை கையால ஆட்டிப் பாருங்க.

மாடு ரெண்டும் ஒரே உயரமா இருக்கணும், இல்லன்னா கழுத்து மேல வைக்கிற நுகத்தடி சாஞ்சு ஒண்ணு மட்டும் பாடுபடும். இடது பக்கம் பழகின மாட்டை இடது பக்கமே பூட்டுங்க. தார் ரோட்டுல லாடம் வழுக்கும், அதனால ஆணி கழண்டிருக்கான்னு ஒவ்வொரு காலா தூக்கிப் பாக்கணும், குளம்பு பிளந்திருக்கதால காலுக்கு ரெண்டு லாடம்.

இனி சொல்றதுதான் ரொம்ப முக்கியம், பாரம். ரெண்டு சக்கர வண்டியில முன்பாரம் கூடுனா நுகம் கழுத்தை அமுக்கி புண்ணாக்கும், பின்பாரம் கூடுனா ஏர்க்கால் (வண்டியையும் நுகத்தையும் இணைக்கிற நீள மரம்) மேல தூக்கி, கழுத்தைச் சுத்திக் கட்டுற பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மாடு பூட்டுறதுக்கு முன்னாடியே ஆளுங்களை ஏத்தி உக்கார வச்சு நுகத்தடியை நீங்களே கையால தூக்கிப் பாருங்க, லேசான கனத்தோட வரணும். மேட்டுல ஏறும்போது உள்ள இருக்கவங்க முன்னால நகரணும், இறக்கத்துல பின்னால. இடையன்குடி பக்கம் மாதிரி தேரி மணல் (காலு புதையுற செம்மணல்) வந்தா சக்கரம் புதையும், அங்க வண்டிக்காரர் தவிர எல்லாரும் இறங்கி நடந்துடுங்க.

கூண்டுக்கு மூங்கிலை வளைச்சு பனை ஓலைப் பாய், உள்ள வைக்கோல், மேல ஜமுக்காளம், அவ்வளவுதான். ராத்திரி ஊர்வலம்னா அடியில லாந்தர் தொங்கவிடுங்க. வேட்டுச் சத்தத்துக்குப் பக்கத்துல வண்டியை விடவே விடாதீங்க, மாடு மிரண்டா சின்னப் புள்ளைங்கதான் அடிபடும்.

1965ல வந்த மத்திய அரசு விதிப்படி ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல பூட்டக்கூடாது, இடைவெளி இல்லாம அஞ்சு மணி நேரத்துக்கு மேலயும் கூடாது, வெயில் 37 டிகிரி தாண்டுற இடத்துல மத்தியானம் 12லேர்ந்து 3 வரைக்கும் கூடவே கூடாது. அவுத்ததும் தண்ணி காட்டிட்டு கழுத்தைத் தடவிப் பாருங்க, தடிப்பு இருந்தா அது ஆறுற வரைக்கும் அந்த மாட்டைப் பூட்டாதீங்க.