‘ஸ்கெலிட்டல்’ என்னும் ஆங்கிலப் பெயரடையைப் பயன்படுத்தும் முறை

‘உலர்ந்தது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை வேராகக் கொண்ட ‘ஸ்கெலிட்டல்’ என்பதை, எலும்புக்கூட்டைச் சார்ந்த எதற்கும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இட்டு எழுதலாம். வளர்ந்த மனிதரின் 206 எலும்புகளை உள்ளடக்கிய அமைப்பு ‘ஸ்கெலிட்டல் சிஸ்டம்’ ஆகும். ‘ஸ்கெலிட்டல் மசில்’ என்பதை எலும்பாலான தசை என்று பெயர்த்துவிடக் கூடாது; எலும்போடு இணைந்து, நம் விருப்பப்படி இயங்கும் எலும்புத்தசை என்பதே அதன் பொருள். பட்டினியாலோ நோயாலோ எலும்பும் தோலுமாக ஆனவரையும் இச்சொல் குறிக்கும் என்றாலும், அவர் முகத்துக்கு நேரே சொன்னால் மனம் புண்படும் என்பதால், அங்கே அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். விவரங்கள் நிரப்பப்படாத வரைவு ‘ஸ்கெலிட்டல் டிராஃப்ட்’ எனப்படும். ஆனால், விடுமுறை நாளில் அலுவலகத்தை நடத்தும் மிகக் குறைந்த ஊழியர்களைக் குறிக்கும்போது, ‘ஸ்கெலிட்டன் ஸ்டாஃப்’ என்று பெயர்ச்சொல்லையே இடுவதுதான் பெருவழக்கு.