மலைச்சாலையில் சைக்கிள்: சமவெளிப் பழக்கத்தால் நேரும் தவறுகள்

தமிழ்நாட்டில் சந்தடியின்றி சைக்கிள் ஓட்ட எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஜவ்வாது மலையைத்தான். திருவண்ணாமலையில் புறப்பட்டு, தண்டராம்பட்டு, சாத்தனூர், செங்கம் என நடுகற்கள் நிறைந்த பழைய ஊர்களைக் கடந்து, ஜமுனாமரத்தூருக்கு ஏறி, காவலூர் வானாய்வகத்தின் வழியாக ஆலங்காயம் பக்கம் இறங்கிவிடலாம். இன்னும் கடினமான ஏற்றத்தை விரும்புவோருக்கு, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் கொல்லிமலைக்கு ஏறும் சாலை இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே நாளில் நூறு கிலோமீட்டரை எளிதாகக் கடப்பவர்கள்கூட இந்தச் சாலைகளில் பாதி வழியில் சோர்ந்து அமர்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் கால்வலுவின் குறைவன்று; சமவெளியில் ஓட்டிய பழக்கத்தை அப்படியே மலைக்கும் கொண்டு வருவதுதான்.

முதல் தவறு, தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது. மொத்தம் எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்பதே மலைப் பயணத்தின் உண்மையான அளவு. 7 விழுக்காடு சரிவில் 10 கிலோமீட்டர் சென்றால் 700 மீட்டர் உயரம் ஏறியிருப்போம். ஓரளவு பயிற்சி உள்ளவருக்கும் அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம். சராசரிச் சரிவு என்ற எண்ணும் ஏமாற்றக்கூடியது. வளைவுகளுக்கு இடையில் சாலை ஓரளவு தணிந்து செல்லும். வளைவின் உட்புறத்தில் திடீரென்று செங்குத்தாக நிமிரும். நாம் இடப்பக்கம் செல்பவர்கள் என்பதால், இடப்புறம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் அந்தச் செங்குத்தான உட்புறமே நம் பங்குக்கு வரும். எதிரே வண்டி வரவில்லை என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் சற்று அகலமாகச் சுற்றலாம். பேருந்தின் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதிதான் என்றாலும், சைக்கிளில் செல்பவர் அதை நம்பி வளைவுக்குள் நுழையக் கூடாது.

அடுத்தது கியர். ரோடு சைக்கிள்கள் பலவற்றில் முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் 34 பற்களும், பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் 28 பற்களும் இருக்கும். இந்த அமைப்பில் பெடலை நிமிடத்திற்கு 60 முறை சுற்றினால் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். 8 விழுக்காடு சரிவில் அந்த வேகத்தை ஒரு மணி நேரம் தாங்குவது பலருக்கு இயலாத காரியம். அதனால் அவர்கள் பெடலை மெதுவாக, முழங்காலில் அழுத்தம் ஏற ஏற மிதிக்கிறார்கள். மறுநாள் முழங்கால் வலிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பற்கள் உள்ள கேசட்டை, அதாவது பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியை, மாட்டிக்கொள்வது இதற்கு நல்ல தீர்வு. ஆனால் கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் டீரெய்லர் அத்தனை பற்களைத் தாங்குமா, செயினின் நீளம் போதுமா என்பதை மெக்கானிக்கிடம் காட்டி, ஊரிலேயே ஓட்டிப் பார்த்த பிறகே மலைக்குப் போக வேண்டும்.

ஏற்றத்தைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். விபத்து நடப்பதோ இறக்கத்தில். பயத்தினால் பிரேக்கை மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே வருவதுதான் மிகப் பரவலான தவறு. ஆளும் வண்டியுமாக 85 கிலோ எடை 700 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 2 லிட்டர் அளவு தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வேகமாகச் சென்றால் அதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பிரேக்கை விடாமல் பிடித்து மெதுவாக இறங்கினால் ஏறக்குறைய முழுவதும் ரிம்மிலோ டிஸ்க்கிலோ வெப்பமாகச் சேரும். ரிம் பிரேக் உள்ள வண்டியில் சூடு உள்ளே பரவி டியூப் வெடிக்க நேரிடலாம். டிஸ்க் பிரேக்கில் டிஸ்க்கை அழுத்தும் பேட் பளபளப்பேறிப் பிடிமானம் குறையும். நேராகச் செல்லும் பகுதியில் சற்றே ஓடவிட்டு, வளைவு வருவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். வளைவின் நடுவில் முன் பிரேக்கை இறுக்கினால் டயர் வழுக்கிவிடும். அங்கே மணலோ சிறு கற்களோ கிடந்தால் சொல்லவே வேண்டாம். இறக்கம் நீண்டதாக இருந்தால் நடுவில் இரண்டு இடங்களில் நின்று சக்கரம் ஆற இடம் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. டயரும் இதே அளவு முக்கியம். 23 மில்லிமீட்டர் டயரில் கல்லாகக் காற்றடித்துக்கொண்டு வருவதைவிட, வண்டி இடம் கொடுத்தால் 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயரில் அளவாகக் காற்று வைத்து வருவது பிடிமானத்திற்கும் கைகளுக்கும் நல்லது.

அறுவடைக் காலத்தில் இந்தச் சாலைகளில் வேறொன்றையும் பார்ப்பீர்கள். கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அறுத்த கையோடு தார்ச்சாலையில் பரப்பப்படும். போகிற வண்டிகளின் சக்கரமே போரடித்துக் கொடுக்கும். கார் ஏறிச் செல்வதைக் கண்டு நாமும் ஏறிச் செல்லலாம் என்று நினைப்பது பெரிய தவறு. காய்ந்த கொள்ளுக்கொடி சைக்கிள் டயருக்கு அடியில் உருண்டு சறுக்கும். ஒரு கொடி செயினோடு போய் டீரெய்லரில் சுற்றிக்கொண்டால், அதை வண்டியோடு இணைக்கும் கொக்கி முறிந்து பயணம் அங்கேயே முடிந்துவிடும். அங்கு கிடப்பது ஒரு குடும்பத்தின் விளைச்சல் என்பதையும் நினைவில் கொண்டு, இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதே முறை. ஊர் எல்லையில் வண்ணம் பூசாத வேகத்தடைகள் இருக்கும் என்றும் எதிர்பார்த்தே இறங்க வேண்டும். நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாமல், இறங்கி சைக்கிளை இடையில் நிறுத்திக்கொண்டு நின்றால் பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும்.

கைபேசி வரைபடம் காட்டும் குறுக்கு வழியை நம்பிக் காட்டுக்குள் போவோரும் உண்டு. வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிவது, வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாத காப்புக்காட்டுப் பாதையாக இருக்கலாம். மலைமேல் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும். வழியில் பார்ப்பவரிடம் “ரோடு நல்லா இருக்குமா?” என்று கேட்பதைவிட “இந்த வழியா பஸ் போகுதுங்களா?” என்று கேளுங்கள். நல்ல சாலை என்பது ஆளுக்கு ஆள் மாறும். பேருந்து போகும் சாலைக்கு ஒரே பொருள்தான்.

நாள் பார்க்காமல் கிளம்புவதும் பயணத்தைக் கெடுக்கும். பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் புறப்பட்டால், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் ஊருக்குள் வரும் சாலைகளிலும் திரளும் மக்கள் வெள்ளத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடைபெறும் நாட்களில் கொல்லிமலைச் சாலையும் அப்படித்தான். விழாவுக்காகவே போவதென்றால் பேருந்தில் போய் மனநிறைவோடு பார்த்துவிட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் கூட்டம் அதிகம்; வார நாட்களே உகந்தவை. வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவும் வளைவுகளில் பாசியும் இருக்கும், சித்திரை வைகாசியில் அடிவாரத்து வெயில் தாங்காது. தை, மாசி மாதங்களின் காலைப்பொழுதுக்கு ஈடில்லை. விடியற்காலை மூடுபனிக்கு மட்டும் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும்.

தண்ணீரையும் சாப்பாட்டையும் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தாகம் எடுக்கும் முன்பே குடிப்பதும், அடிவாரத்தில் இட்லி கிடைக்கும்போதே சாப்பிட்டுவிட்டு, பையில் கடலைமிட்டாயும் இரண்டு பாட்டில் தண்ணீரும் வைத்துக்கொள்வதும் போதும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறு. செங்கம், தண்டராம்பட்டுப் பகுதி ஊர்களில் பல்லவர் காலம் தொட்டு நடுகற்கள் நிற்கின்றன. எடுத்தனூரில் கண்டெடுக்கப்பட்ட கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுக்கப்பட்டது. வீரனின் அருகிலேயே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றதையும் வட்டெழுத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இத்தகைய கற்கள் உள்ள ஊர்களைச் சைக்கிளில் வருவோர் பலர், சராசரி வேகம் குறைந்துவிடும் என்பதற்காக நிற்காமல் கடந்து போகிறார்கள். நிற்பவர்களிலும் சிலர் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று கல்லின் மேல் சாக்கட்டியைத் தேய்க்கிறார்கள்; அது கல்லைக் கெடுக்கும் செயல். இப்பகுதியில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபாட்டில் உள்ளவை. ஷூவைக் கழற்றி, அருகில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். காலை, மாலைச் சாய்வெயிலில் எழுத்துகள் தாமாகவே துலங்கும் என்பதால், அந்த நேரத்தில் அங்கு இருக்கும்படி பயணத்தை வகுத்துக்கொள்ளலாம்.

புறப்படும் முன் இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், கைப்பம்பு, செயின் இணைக்கும் கருவி, உதிரி டீரெய்லர் கொக்கி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரோடு சைக்கிளின் மெல்லிய டியூப் மலை ஊர்க் கடைகளில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மாலை நான்கு மணிக்குள் மலையை விட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும் என்று முன்பே முடிவு செய்து, அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.