பழைய டீசல் காரில் சார்ஜ் ஏறவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பெட்ரோல் காரில் சார்ஜ் நின்றால் கொஞ்ச நேரத்தில் இன்ஜினே திணறிக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய டீசல் அப்படிச் சொல்லாது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள அம்பாசடர், சுமோ, இண்டிகா போன்ற வண்டிகள் ஒருமுறை கிளம்பிவிட்டால், பம்பில் டீசல் போகும் வழியை மின்சாரத்தால் திறக்கும் ஸ்டாப் சோலனாய்டைத் திறந்து வைக்க ஏறத்தாழ ஒரு ஆம்பியர் போதும். கேபிள் இழுத்து நிறுத்தும் வண்டிக்கு அதுவும் வேண்டாம். அதனால் இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் செத்துக் கிடந்தாலும் கடலூரிலிருந்து புதுச்சேரி போய் வரும்வரை பகலில் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் செல்ஃப் ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். பழி பேட்டரி மேல் விழும். புது பேட்டரி போட்டால் அதுவும் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும்.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் (பேட்டரி கடைகளில் கிடைக்கும்), டிசி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலான கோளாறுகளை வீட்டு வாசலிலேயே பிடித்துவிடலாம். கிளாம்ப் மீட்டர் இல்லாவிட்டாலும் முக்கால் வேலை நடக்கும்.

முதலில் பேட்டரி

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0க்குக் கீழே போய்விட்டால், அந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு மற்ற சோதனைகளைச் செய்து பயனில்லை. வெளியே எடுத்து சார்ஜரில் போட்டுவிட்டு வாருங்கள்.

மூடி திறக்கும் பேட்டரியானால் ஹைட்ரோமீட்டர் வோல்ட் மீட்டரை விட அதிகம் சொல்லும். ஆறு செல்லும் 1.240 முதல் 1.260 வரை காட்டினால் நல்லது. ஆறும் ஒரே மாதிரி 1.180 என்று இறங்கியிருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது, சார்ஜ்தான் வரவில்லை. ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் 0.050 புள்ளி குறைந்து நின்றால் அந்த செல் போய்விட்டது. அப்போது பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டும். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்ற வேண்டாம். ஊற்றிய உடனே அளந்தால் கணக்கு தப்பும். சார்ஜ் செய்து முடித்த பிறகு அளங்கள்.

அடுத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி அதே இடத்தில் மீட்டரைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

மீட்டர் போர்டு சிவப்பு விளக்கு

சாவியை ஆன் செய்ததும் பேட்டரி படம் போட்ட விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும் ஆரம்ப மின்சாரம் இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு கருகிவிட்டால் ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாது. ஒருமுறை நன்றாக ரேஸ் கொடுத்த பிறகே ஏறும், சில வண்டிகளில் அப்போதும் ஏறாது. அழகுக்காக மீட்டர் போர்டில் எல்இடி மாற்றிய வண்டிகளில் இதே கோளாறு வருவதைக் கவனியுங்கள். எல்இடி விடும் மின்சாரம் போதாது. கம்பெனி போட்ட அதே வாட் சாதா பல்பைத் திரும்பப் போடுங்கள்.

சாவி ஆனில் விளக்கு எரியவே இல்லையென்றால், ஆல்டர்னேட்டர் பின்னால் இருக்கும் மெல்லிய வயரைக் கழற்றி அதன் முனையை இன்ஜின் உடம்பில் தொடுங்கள். தடித்த வயரைத் தொடாதீர்கள், அது நேராக பேட்டரியிலிருந்து வருகிறது. மெல்லிய வயரைத் தொட்டதும் விளக்கு எரிந்தால் பல்பும் வயரிங்கும் சரி. கோளாறு உள்ளே, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷிலோ, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலோ. அப்போதும் எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், வயர் என்று பின்னோக்கித் தேடுங்கள். இன்ஜின் ஓடும்போது விளக்கு மங்கலாக மினுக்கினால் டயோடு (ஆல்டர்னேட்டரின் ஏசியை டிசியாக மாற்றும் பாகம்) அல்லது தடித்த வயரின் ஜாயின்ட் மேல் சந்தேகம் வையுங்கள்.

இன்ஜின் ஓடும்போது அளப்பது

இன்ஜினை 1,500 ஆர்பிஎம் அளவில் வைத்து, எல்லா விளக்கையும் அணைத்து பேட்டரியில் அளங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சரி. மே மாத வெயிலில் பானட்டுக்குள் கொதிக்கும்போது 13.6 காட்டுவது கோளாறு இல்லை. இப்போது ஹெட்லைட், புளோயர், வைப்பர் மூன்றையும் போடுங்கள். 13.2க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம். கடற்கரை ஊரில் அடுத்த சோதனைதான் உண்மையைச் சொல்லும்.

லோடு அப்படியே இருக்க, மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் போல்ட்டிலும், கறுப்பு முனையை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்திலும் வையுங்கள். கம்பத்தின் மேல் வையுங்கள், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பின் மேல் அல்ல. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஆல்டர்னேட்டர் தயாரிப்பது வழியிலேயே வீணாகிறது. அதேபோல் ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் நடுவே பாருங்கள். 0.2க்குள் இருக்க வேண்டும்.

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், அரியாங்குப்பம் என்று உப்புக்காற்று நேரடியாகப் படும் இடங்களில் நிற்கும் வண்டிகளில் இந்த இரண்டு சோதனைதான் அதிகம் பலன் தரும். வெளியே பார்த்தால் வயர் புதிது போல இருக்கும்; லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) கிரிம்ப் செய்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு உள்ளே செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். உறையைச் சீவிப் பார்த்து, பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு புது லக் போடுங்கள். இன்ஜினையும் சேஸையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டையைக் கழற்றி, உட்காரும் இடத்தை இரும்பு தெரியும் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். பட்டை பாதி அறுந்திருந்தால் ஒட்டுப் போட வேண்டாம், புதிது வாங்குங்கள்.

பெல்ட் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் 10 மில்லிமீட்டர் அளவு உள்ளே போகலாம். வி பெல்ட் புல்லியின் பக்கங்களைத்தான் பிடிக்க வேண்டும். பள்ளத்தின் அடிப்பகுதி பளபளத்தால் பெல்ட் தேய்ந்து அடியில் உட்காருகிறது. எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்.

ஆல்டர்னேட்டருக்குள் ஆயில்

டீசல் காரில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்யூம் இன்ஜினிலிருந்து தானாகக் கிடைக்காது. அதற்கென்று ஒரு வேக்யூம் பம்ப் உண்டு. நம் ஊர் டீசல்கள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில், அதே ஷாஃப்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஒரு மெல்லிய பைப்பில் இன்ஜின் ஆயில் வரும், தடித்த ஹோஸில் திரும்பிப் போகும். ஷாஃப்ட் ஆயில் சீல் தேய்ந்தாலோ, திரும்பும் ஹோஸ் மடங்கினாலோ அடைத்தாலோ ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் புகுந்துவிடும். பிரஷ்ஷும், அது உரசும் ஸ்லிப் ரிங் என்ற வளையமும், கார்பன் தூளும் ஆயிலும் கலந்த கறுப்புச் சேற்றில் ஊறும். சார்ஜ் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது.

இதைப் பார்க்காமல் பிரஷ் மட்டும் மாற்றித் தருவதால்தான் இதே வண்டி சில மாதத்தில் திரும்பவும் கடைக்கு வருகிறது. கழற்றியதும் காற்றுத் துளைகளில் விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் ஒட்டினால் சீலையும் ஹோஸையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இன்ஜினில் புளோபை (பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயு) அதிகமாக இருந்தால், அந்த அழுத்தமே புது சீலையும் சீக்கிரம் தள்ளிவிடும். அந்த வாயு வெளியேறும் பிரீதர் பைப் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திரும்ப மாட்டும்போது பம்பின் ஆயில் வாயில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மாட்டுங்கள். பிறகு இன்ஜின் ஆஃபில் பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்து, கால் வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள்.

பிரஷ் வெளியே நீட்டும் நீளம் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுங்கள். ஸ்லிப் ரிங் கறுத்திருந்தால் ஜீரோ நம்பர் எமரி தாளால் சுற்றித் தேய்த்தால் போதும். பள்ளம் விழுந்திருந்தால் ரிங்கையே மாற்ற வேண்டும்.

டயோடுகளைச் சோதிக்க, மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, இன்ஜினும் ஹெட்லைட்டும் ஓட பேட்டரியில் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஒரு டயோடாவது போய்விட்டது. ஆனால் விலை மலிவான சில மீட்டர்கள் டிசியையும் ஏசி போலவே காட்டும். முதலில் இன்ஜின் ஆஃபில் அதே சோதனையைச் செய்யுங்கள். இருபது சொச்சம் வோல்ட் காட்டினால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. டயோடு ஷார்ட் ஆகியிருந்தால் இரவெல்லாம் பேட்டரி அதன் வழியாக வடியும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதற்கு நல்ல அடையாளம்.

ஆல்டர்னேட்டர் நல்லது, ஆனாலும் ஏறவில்லை

டீசலுக்கே உரிய இன்னொரு திருடன், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் ரிலே. ஒரு பிளக் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்குக்கும் சேர்த்து 40 முதல் 50 வரை போகும். ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் வண்டி ஓடும்போதெல்லாம் இந்த மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். சின்ன ஆல்டர்னேட்டர் தருவதெல்லாம் இதற்கே தீர்ந்துவிடும், பேட்டரிக்கு மிச்சம் இருக்காது. இன்ஜின் சூடான பிறகு பிளக்குக்குப் போகும் வயரில் கிளாம்ப் மீட்டர் மாட்டிப் பாருங்கள், அல்லது பிளக் முனையில் வோல்ட் பாருங்கள். இரண்டிலும் பூஜ்யம்தான் வர வேண்டும்.

நிற்கும்போது வடிவதைப் பார்க்க, நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் இணையுங்கள். சாவி தொடக் கூடாது; ஹீட்டர் பிளக் ஆன் ஆனாலே மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் என்றால் நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர். 75 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று நாளில் பாதியாகும். ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்து, எதை எடுக்கும்போது இறங்குகிறது என்று பாருங்கள். பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, அலாரம், ஜிபிஎஸ் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் மாட்டும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு மேலே சொன்னவற்றோடு இன்னொன்றும் உண்டு. வண்டல் உலர்ந்து ஹோல்டருக்குள் பிரஷ் சிக்கிக்கொள்ளும், பேரிங் கரகரக்கும். அத்தகைய வண்டியில் ஆல்டர்னேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் ரெகுலேட்டரை மட்டும் மாற்றுவது வீண் செலவு. வைண்டிங்கில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். கான்டாக்ட் கிளீனர் போதும்.

14.8 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் அது எதிர்ப்பக்கக் கோளாறு. ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பல்புகள் அடிக்கடி கருகும். ரெகுலேட்டர் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

சார்ஜ் ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள, இன்ஜின் ஓடும்போது பேட்டரி கம்பத்திலிருந்து வயரைக் கழற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பழைய டைனமோ காலத்தில் அது தாங்கியது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட் சட்டென்று பல மடங்கு எகிறி, டயோடுகளும் ரெகுலேட்டரும் அந்த நொடியிலேயே போகக்கூடும். யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்துத் தடுங்கள், மீட்டரைக் கொடுங்கள்.